வெயிலுக்கு வழி விட்ட கூரை

கொடைக்கானல் மலையில் இருக்கும் எங்கள் வில்பட்டியில் வீட்டுக்குப் பின்னால் கூரை போடுவது நிழலுக்காக அல்ல. கீழே வத்தலக்குண்டிலும் திண்டுக்கல்லிலும் வெயில் தாங்காமல் ஷீட் போடுகிறார்கள். மலையில் எங்களுக்கு வெயில் போதுவதில்லை. மழைக்கும் பனிக்கும் காற்றுக்கும்தான் இங்கே மறைப்பு தேவை. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால், எந்த ஷீட், எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் வாட்டம் என்ற கேள்விகளுக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் எழுபது வயதைத் தாண்டிய என் அம்மா.

எங்கள் வீடு சரிவில் சமன் செய்த தளத்தில் இருக்கிறது. பின்பக்கம் கிழக்கும் தெற்கும் திறந்த முற்றம். அதற்குக் கீழே படிப்படியாக இறங்கும் தோட்டத்தில் பூண்டும் கேரட்டும் பீன்ஸும் போடுகிறோம். வரப்போரம் பேரி மரங்கள். வீட்டின் பாதி வாழ்க்கை அந்த முற்றத்தில்தான் நடக்கிறது. துவைகல், வெந்நீர் அடுப்பு, விறகு அடுக்கு, அறுத்த பூண்டைக் காயவைக்கும் இடம் எல்லாம் அங்கேதான். காலையில் வீட்டு வேலை முடிந்ததும் அம்மா ஒரு பலகையைப் போட்டு வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார். பீன்ஸ் ஆய்வது, பூண்டு உரிப்பது, அக்கம்பக்கத்துப் பெண்களோடு பேசுவது எல்லாம் அந்தப் பலகையில் நடக்கும்.

கூரை போட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் பயம். கொடைக்கானல் மலையில் ஆண்டுக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் மழை. ஐப்பசி, கார்த்திகையில் நாள் கணக்கில் விடாமல் பெய்யும். முற்றத்துக் கல்லில் பாசி பிடித்துவிடும். ஒரு மழைநாளில் அம்மா வெந்நீர்ப் பாத்திரத்தோடு வழுக்கி விழுந்தார். நல்லவேளை, எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் பின்கதவைத் திறக்கும் சத்தம் கேட்டாலே எனக்கு நெஞ்சு பதறும். முற்றம் முழுவதையும் மூடிவிட வேண்டும், பக்கவாட்டிலும் தகரம் அடித்துவிட வேண்டும் என்று நினைத்தேன். வெல்டிங் பட்டறைத் தம்பி அளவெடுக்க வந்தார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மழைக்குப் போடுறது சரிப்பா. வெயில எங்க கொண்டுபோய் வைக்கப் போற?" என்றார்.

அந்தக் கேள்விக்கு அளவு நாடாவில் பதில் இல்லை. அம்மா முற்றத்துக்குப் போவதே வெயிலுக்காக. மூட்டுவலிக்கும் குளிருக்கும் அவருக்குத் தெரிந்த மருந்து அது. அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து, அவர் எதற்காக வெளியே வருகிறாரோ அதையே பறிக்கப் பார்த்தது என் பயம். அளவெடுக்கும் வேலையை அப்படியே நிறுத்தினோம். முதலில் வெயிலைப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம்.

கொடைக்கானல் வெயில் பார்ப்பதற்கென்றே பெயர் வாங்கிய ஊர். சென்னையில் இருந்த வானியல் ஆய்வுப் பணியைத் தொடர 1899-ல் இங்கே சூரிய ஆய்வகம் அமைத்தார்கள். சார்லஸ் மிச்சி ஸ்மித் அதன் முதல் இயக்குநர். சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டுபிடித்தது இந்த மலையிலிருந்துதான். நூறாண்டுக்கும் மேலாக அங்கே சூரியனைப் படம்பிடித்து வருகிறார்கள். மலைவாசிகளுக்கு வெயிலின் கணக்கு தெரியும்: காலையில் வானம் தெளிந்திருக்கும், நண்பகல் தாண்டினால் மஞ்சு ஏறிவிடும். ஆக, எங்களுக்கு வெயில் என்பது பெரும்பாலும் காலை வெயில்தான். அதை மறைத்துவிட்டால் அன்றைய வெயிலே போயிற்று.

மார்கழியில் எங்கள் அட்சரேகையில் நண்பகல் சூரியன் உச்சிக்கு வராமல் தெற்கே சாய்ந்து ஏறக்குறைய 56 டிகிரி உயரத்தில் நிற்கிறது. ஆனியில் வடக்கே சாய்ந்து ஏறக்குறைய 77 டிகிரிக்கு ஏறுகிறது. குளிர் அதிகமான மாதங்களில் வெயில் தாழ்வாகத் தெற்கிலிருந்து வருகிறது என்பதே இதன் பொருள். அதனால் தென்புறமும் கிழக்குப்புறமும் கூரையின் விளிம்பு உயரமாக இருக்க வேண்டும். வாட்டத்தை வடக்கே இறக்க வேண்டும். காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் நிழல் எங்கே விழுகிறது என்று முற்றத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார்த்தோம். அம்மாவின் பலகை எங்கே இருக்க வேண்டும் என்பது அந்தக் கோட்டிலேயே தெரிந்துவிட்டது.

அடுத்து ஷீட். ஊரில் பழைய வீடுகளின் பின்பக்கம் பெரும்பாலும் கல்நார் கலந்த சிமெண்ட் ஷீட்தான். உடையாதவரை பிரச்சினை தெரியாது. அறுக்கும்போதும் உடையும்போதும் பறக்கும் கல்நார்த் தூசு புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதை முதலிலேயே தள்ளிவிட்டோம். கலர் தகர ஷீட் உறுதியானது, விலையும் கட்டுப்படியாகும். ஆனால் அதன் கீழே இருட்டு. அதோடு, தெளிந்த பனி இரவில் தகரம் வானத்தைப் பார்த்துக் குளிர்ந்து, அடிப்பக்கத்தில் வேர்த்துச் சொட்டும். கீழே பூண்டுக் கட்டு இருந்தால் அது நனைந்து பூஞ்சணம் பிடிக்கும். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பொருள். கட்டுக் கட்டாகத் தொங்கவிட்டுப் புகை காட்டிப் பாதுகாக்கிற அதைக் கூரைச் சொட்டுக்குப் பலி கொடுக்க முடியாது.

பாலிகார்பனேட் ஷீட் வெளிச்சத்தை விடும். 8 மில்லி தடிமனில் இரண்டு அடுக்குள்ள தெளிந்த ஷீட், விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 80 சதவீதத்தைக் கீழே அனுப்புகிறது. நடுவில் காற்று அடைபட்டிருப்பதால் தகரம்போல எளிதில் வேர்க்காது. கீழே இதமான சூடும் தங்கும். ஒரு பக்கத்தில்தான் புற ஊதாக் கதிருக்கான பூச்சு இருக்கும். அந்தப் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் சில ஆண்டுகளில் மஞ்சளடித்து நொறுங்கிவிடும். உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிரும் கூடும். ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய பத்து சதவீதம். இந்த உயரத்தில் வாழும் எங்களுக்குப் பூச்சில்லாத மலிவு ஷீட் உதவாது.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். பாலிகார்பனேட் வெளிச்சத்தையும் சூட்டையும் தரும். ஆனால் உடம்பில் வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதாக் கதிரை விடாது. கண்ணாடி ஜன்னலும் அப்படித்தான். ஷீட்டுக்குக் கீழே நாள் முழுக்க உட்கார்ந்தாலும் எலும்புக்கு வேண்டியது கிடைக்காது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இது முக்கியம். அதனால் முற்றத்தை மூன்றாகப் பிரித்தோம். வடக்கே அடுப்பும் விறகும் துவைகல்லும் இருக்கும் இடத்துக்குக் கலர் ஷீட். நடுவில் நடமாடவும் உட்காரவும் பூண்டு தொங்கவிடவும் பாலிகார்பனேட். கிழக்கோரத்தில் நாலடி அகலத்துக்குக் கூரையே இல்லை. அங்கே பாசி பிடிக்காதபடி தரையைச் சொரசொரப்பாகக் கொத்தி, வாட்டம் கொடுத்து, கைப்பிடிக் குழாய் ஒன்றை நட்டோம். வழுக்கலுக்கு மருந்து தரையில்தான் இருக்கிறது, கூரையில் இல்லை என்பதும் அப்போது புரிந்தது.

அடுப்பைத் தகரத்தின் கீழ் வைத்ததற்குக் காரணம் உண்டு. பாலிகார்பனேட் ஏறக்குறைய 150 டிகிரியில் இளகும் பொருள்; விறகு அடுப்பின் தழல் அதன் பக்கத்தில் இருக்கக் கூடாது. புகையை வெளியேற்றத் தனிக்குழாய் வைத்தோம். குளிருக்காகப் பக்கங்களை மூடும் ஆசையையும் கைவிட்டேன். மூடிய இடத்தில் விறகோ கரியோ எரிந்தால் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. ஆளைத் தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும்.

இனி காற்று. 2018 நவம்பர் 16-ல் கரை கடந்த கஜா புயல் கொடைக்கானல் மலையையும் உலுக்கியதை இங்குள்ளவர்கள் மறக்க மாட்டார்கள். மரங்கள் சாய்ந்து பாதைகள் அடைபட்டன, மின்சாரம் போயிற்று. பக்கம் திறந்த கூரைக்கு மழையின் பாரத்தைவிடக் காற்றின் தூக்கலே ஆபத்து. அடியில் புகும் காற்றுக்குக் கூரை ஒரு பட்டம்தான். கட்டடங்கள் மீதான காற்று விசையைக் கணக்கிட இந்தியத் தரநிலை 875-ன் மூன்றாம் பகுதி இருக்கிறது. அதில் கீழே சமவெளியில் இருக்கும் மதுரைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். மலைச்சரிவில் காற்று வேகத்தை 1.36 மடங்குவரை கூட்டிக் கணக்கிடச் சொல்கிறது அதே தரநிலை. 39 மீட்டரை மட்டும் எடுத்தாலே ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 93 கிலோ அழுத்தம். பதினாறுக்குப் பத்தடிக் கூரை என்றால் ஒரு டன்னுக்கு மேல் இழுப்பு வரக்கூடும்.

இதற்கு எதிராக நிற்பது தூணின் அடியில் இருக்கும் கான்கிரீட்டின் எடை. இரண்டடிக் கனக் குழியில் போட்ட கான்கிரீட் அரை டன்னுக்குச் சற்று மேல் இருக்கும். எங்கள் வீட்டுச் சுவர் மண்சாந்தில் கட்டிய பழைய கல்சுவர். அதில் ஆங்கர் போல்ட் அடித்துக் கூரையைத் தொங்கவிட்டால் காற்று சுவரையும் சேர்த்துப் பிடுங்கும். எனவே சுவரைத் தொடாமல் ஆறு தூண்களைத் தனியாக நிறுத்தினோம். சுவருக்கும் கூரைக்கும் நடுவில் தண்ணீர் இறங்காதபடி தகர மடிப்பு மட்டும் கொடுத்தோம். புதுச் சுவர், ஆர்சிசி பீம் உள்ள வீடுகளில் சுவரிலேயே பிடிக்கலாம். சுவர் எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ளாமல் எவரும் துளை போடக் கூடாது.

பட்டறைத் தம்பியிடம் நான் மிகவும் மதித்தது அவருடைய சிறு கவனங்களை. ஜிஐ பைப்பை வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துவிடும். மஞ்சு மண்டும் ஊரில் அங்கேதான் முதலில் துரு பிடிக்கும். அன்றன்றைக்கு வைத்த பற்றுகளை அன்றே சுரண்டி, துத்தநாகப் பிரைமர் அடித்தார். பைப்பின் வாயையெல்லாம் மூடினார். "உள்ள தண்ணி நின்னா வெளிய தெரியாதுண்ணே, ஒருநாள் திடீர்னு உக்காந்துரும்" என்றார். பாலிகார்பனேட்டில் திருகின் தடிமனைவிடப் பெரிய துளை போட்டார். மீட்டருக்கு, டிகிரிக்கு 0.065 மில்லி வீதம் நீண்டு சுருங்கும் பொருள் அது. உறைபனி விடியலுக்கும் நண்பகல் வெயிலுக்கும் இடையில் மூன்று மீட்டர் ஷீட் ஐந்து மில்லிவரை நகரக்கூடும். துளை இறுக்கமாக இருந்தால் அங்கிருந்தே விரியும். ஷீட்டின் உள்வரிகள் வாட்டத்தோடு இறங்கும்படி வைத்து, மேல்வாயை அலுமினிய டேப்பாலும் கீழ்வாயைச் சிறுதுளை டேப்பாலும் அடைத்தார். இல்லாவிட்டால் உள்ளே பாசியும் எறும்பும் குடியேறும். கூரையில் குதிக்கும் குரங்குகளை நினைத்துக் குறுக்குச் சட்டங்களை இரண்டடிக்கு ஒன்றாக நெருக்கிவைத்தார். காட்டுமாடு வந்துபோகும் தடத்தை விட்டு ஓரத்தூண்களை உள்ளே தள்ளி நட்டார்.

கடைசியாகத் தண்ணீர். மலையில் கூரை போடுகிறவர்கள் இதற்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டும். பதினைந்து சதுர மீட்டர்க் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 750 லிட்டர் தண்ணீர் ஒரே விளிம்பில் வந்து விழும். முன்பு முற்றம் முழுக்கப் பரவி ஊறியது இப்போது ஓரிடத்தில் குவியும். அதை அப்படியே தோட்டத்துக் கல்கட்டின் மேல் விட்டால் கட்டு சரியும். அதற்குக் கீழே இருப்பவரின் தோட்டமும் போகும். கட்டர் வைத்து, குழாய் வழியாக முதலில் டிரம்முக்கும், நிறைந்த பிறகு கல் பாவிய ஓடைக்கும் விட்டோம். கோடையில் தண்ணீருக்குக் குடம் தூக்கும் ஊரில் டிரம்மில் நிற்கும் அந்தத் தண்ணீர் துணி துவைக்க உதவுகிறது.

வேலையைத் தை, மாசியில் முடித்தோம். அதற்குப் பின் வந்த ஐப்பசி மழையில் அம்மா நனையாமல் வெந்நீர் வைத்தார். மழை விட்ட காலைகளில் வழக்கம்போலக் கிழக்கோரத்தில் போய் உட்கார்ந்தார். என் பயம் முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தின் பேரில் ஒருவருடைய வெளிச்சத்தை எடுத்துக்கொள்ளும் உரிமை எனக்கு இல்லை என்று உணர்ந்திருக்கிறேன். பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் வயதுக்கு வந்துவிட்ட நம் எல்லோருக்கும் இது பொருந்தும். பாதுகாப்பு என்ற பெயரில் மாடிப்படியைப் பூட்டுகிறோம், கடைக்குப் போவதைத் தடுக்கிறோம், அடுப்படிக்கு வர வேண்டாம் என்கிறோம். கைப்பிடி வைத்தாலே போதும் என்கிற இடத்தில் கதவை அடைத்துவிடுகிறோம்.

மலையில் கூரை போடப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மண்ணை வெட்டுமுன் ஊராட்சி அலுவலகத்தில் விதிமுறைகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலம் வருமுன் வேலையை முடியுங்கள். ஷீட்டில் மிச்சம் பிடித்தாலும் தூணின் அடிக் கான்கிரீட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். அளவெடுக்க ஆளைக் கூப்பிடுவதற்கு முன், உங்கள் வீட்டில் அந்த முற்றத்தை அதிகம் பயன்படுத்துகிறவர் யாரோ அவரிடம் என்ன வேண்டும் என்று கேளுங்கள்.