மூணா... எட்டா?

பி.காம். படித்தவன் கையில் வீட்டு பிளானைக் கொடுத்தால் என்ன செய்வான்? தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, 'கிச்சன் சின்னதா இருக்கே' என்பான். நானும் அதைத்தான் செய்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பிளான் ரொம்ப வெறிச்சுனு இருக்கு ஸார். கொஞ்சம் கலரா, நிழல் எல்லாம் விழுற மாதிரி, வாசல்ல ஒரு மரமும் வச்சுக் கொடுங்களேன். அப்பா பார்த்தா சந்தோஷப்படுவார்" என்று இன்ஜினியரிடம் சொல்லித் தொலைத்தேன்.

அந்த வார்த்தையின் விலை ஐந்து இஞ்ச்.

அப்பா ரிட்டையரான பணத்தில் பாளையங்கோட்டையில் வீடு. பணம் அவருடையது, மனை அவருடையது, மேற்பார்வை என்னுடையது. மேற்பார்வை என்றால் காலையில் போய் டீ, வடை வாங்கிக் கொடுப்பது.

இன்ஜினியர் அனுப்பிய பி.டி.எஃப்.பைப் பெரிய ஏ-ஒன் தாளில் பிரிண்ட் எடுத்துக் கொத்தனார் அண்ணாச்சியிடம் கொடுத்தேன். அப்பாவுக்கு முகம் கொள்ளாத சந்தோஷம். அண்ணாச்சி மட்டும் தாளைக் கிட்டே வைத்து, தள்ளி வைத்துப் பார்த்தார்.

"என்ன தம்பி, மார்கழிப் பனியில பாத்த மாதிரில்லா இருக்கு."

"கலர் பிரிண்ட் அண்ணாச்சி. அப்படித்தான் இருக்கும்."

எவ்வளவு தைரியம் பாருங்கள் எனக்கு! அவரும் நம்பி, படுக்கையறை 12 அடி 8 இஞ்ச் என்று படித்து, சுண்ணாம்புப் பொடி தூவி, மூலைத் தூணுக்குக் குழியும் தோண்டியாயிற்று. மறுநாள் கான்கிரீட்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பிளானை விரித்து வைத்துக் கூட்டிப் பார்த்தேன். எங்கள் ஜாதிக்கு அது ஒன்றுதான் தெரியும். டிரையல் பேலன்ஸ். சுவர் மூன்று, ஆளுக்கு 9 இஞ்ச். ஹால் 15 அடி 6 இஞ்ச். படுக்கையறை 12 அடி 8 இஞ்ச். மொத்தம் 30 அடி 5 இஞ்ச். பிளானுக்கு வெளியே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது 30 அடி.

டாலி ஆகவில்லை! ஆபீஸாக இருந்தால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். இங்கே வீடே சஸ்பென்ஸில் நிற்கிறது.

காலை ஆறு மணிக்கு அண்ணாச்சிக்கு போன். "கான்கிரீட் போடாதீங்க!" அப்படியே பைக்கை எடுத்துக்கொண்டு சுலோசன முதலியார் பாலம் தாண்டி டவுனுக்கு ஓடினேன். கீழே தாமிரபரணி சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது. 1843-ல் திறந்த பாலம். கையால் வரைந்த படத்தை வைத்துக்கொண்டு பதினொரு வளைவு கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். நமக்குக் கம்ப்யூட்டர் இருந்தும் ஒரு படுக்கையறைக்கு வழியில்லை.

இன்ஜினியர் தூக்கக் கலக்கத்தோடு கம்ப்யூட்டரைத் திறந்தார். அவருடைய ஒரிஜினல் ஃபைலில் 12 அடி 3 இஞ்ச் என்று தெளிவாக இருந்தது. பி.டி.எஃப்.பைத் திறந்து பெரிதாக்கினார். நூறு, இருநூறு, நானூறு சதவீதம். கோடெல்லாம் படிக்கட்டு படிக்கட்டாக உடைந்தது. மூன்று ஊதிப்போய் எட்டாக உட்கார்ந்திருந்தது. ஆனால் மூலைக் கட்டத்தில் அவர் பெயர் மட்டும் கத்தி மாதிரி கூர்மை!

"நிழல் கேட்டீங்கள்லா ஸார்... அதான்" என்றார்.

விஷயம் இதுதான். பி.டி.எஃப். என்பது 1993-ல் அடோப் கம்பெனி கொண்டுவந்த சட்டை. உள்ளே இரண்டு வகை ஆள் இருக்கலாம். வெக்டர் என்பவன் கோட்டைப் படமாக வைத்திருப்பதில்லை. 'இங்கே ஆரம்பம், அங்கே முடிவு' என்று கணக்காக வைத்திருக்கிறான். எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் புதிதாக வரைந்து கொடுப்பான். ராஸ்டர் என்பவன் எல்லாவற்றையும் புள்ளியாக்கிவிடுவான். பத்தமடைப் பாய் பார்த்திருப்பீர்கள். என் தங்கை கல்யாணத்துக்குப் பெண், மாப்பிள்ளை பெயர் போட்டு நெய்து வாங்கினோம். பத்தடி தள்ளி நின்றால் எழுத்து ஜோராக இருக்கும். கிட்டே குனிந்தால் வளைவெல்லாம் ஏணிப்படி. ராஸ்டர் அந்தப் பாய்தான்.

கட்டட டிசைனுக்கு ரெவிட் என்று ஒரு சாஃப்ட்வேர். பிரிண்ட் கொடுக்கும்போது வெக்டரா, ராஸ்டரா என்று கேட்கும். நாம் வெக்டர் என்று சொன்னாலும், அந்தப் படத்தில் நிழலோ, ஷேடிங்கோ இருந்தால் அதை ராஸ்டராகத்தான் தரும். அதன் தரமும் நம் கையில்: லோ என்றால் இஞ்சுக்கு 75 புள்ளி, மீடியம் 150, ஹை 300, பிரசன்டேஷன் 600. பிளானில் அளவு எழுதும் எழுத்தின் உயரம் இரண்டரை மில்லிமீட்டர், அதாவது ஒரு இஞ்சில் பத்தில் ஒரு பங்கு. 75-ல் வைத்தால் ஒரு மூன்றை எழுத ஏழே ஏழு புள்ளி உயரம்தான் கிடைக்கும். ஏழு புள்ளியில் நீங்களே ஒரு மூன்று போட்டுப் பாருங்கள். எங்கள் ஃபைல் போனது லோவில். 'வாட்ஸ்அப்பில் அனுப்ப ஃபைல் சின்னதா இருக்கட்டுமே' என்று கேட்ட புண்ணியவான் யார் என்கிறீர்கள்? அடியேன்தான்.

இன்ஜினியர் நிழல், கலர், மரம் எல்லாவற்றையும் கழற்றி, வெறும் கறுப்புக் கோட்டில் வெக்டராகப் போட்டுத் தந்தார். நானூறு சதவீதத்திலும் மூன்று மூன்றாகவே இருந்தது.

மனைக்குத் திரும்பி அண்ணாச்சியிடம் இதை எப்படி விளக்குவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். பாதி சொல்லும்போதே கையமர்த்தினார்.

"ரெண்டு ஆணி அடிச்சு நூல் கட்டுதோம்லா, அது மாதிரி. ஆணி ரெண்டும் சரியா இருந்தா நூல் எங்க கோணப்போவுது? அந்தக் காலத்துல அம்மோனியா பிரிண்ட் தருவாவ. மூக்கு எரியும். ஆனா மூணு மூணாத்தான் இருக்கும்" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "நேத்தே சந்தேகம்தான் தம்பி. நீங்க படிச்சவுக சொல்லுதீகளேன்னு விட்டுட்டேன்" என்றார்.

தோண்டிய குழியை மூடி, மண்ணை திம்ஸ் கட்டையால் இடித்து, ஐந்து இஞ்ச் தள்ளிப் புதிதாகத் தோண்டியதில் ஒரு நாள் கூலி. அப்பா எதுவும் கேட்கவில்லை. பர்ஸைத் திறந்து எண்ணிக் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

இப்போது தளம் போட்டாகிவிட்டது. அண்ணாச்சி புது பிரிண்ட் எது வந்தாலும் முதலில் என் செல்போனை வாங்கி, இரண்டு விரலால் விரித்து மூன்றைத் தேடுகிறார். அந்த நிழல் விழும் பிளானை அப்பா லாமினேட் பண்ணி வைத்திருக்கிறார், ஹாலில் மாட்டுவதற்காம். போன வாரம் வாசலில் நின்று பிளானையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏல, மரம் எங்கல?"

மறுநாளே ஒரு வேப்பங்கன்று வாங்கி வந்து நட்டேன். ஒன்றரை அடி இருக்கும்.