சபில்தாஸ் மாடி

பம்பாயில் மாட்டுங்காவிலிருந்து தாதர் ஒரே ஸ்டேஷன். ரயில் காசை மிச்சம் பிடித்து நடந்தே போவேன். பூ மார்க்கெட்டில் மிதிபட்ட சாமந்தி வாசனையைத் தாண்டி, கடைகள் நெருக்கும் சந்துக்குள் நுழைந்தால் சபில்தாஸ் பள்ளிக்கூடம். பையன்கள் வீட்டுக்குப் போனபின் அதன் மாடிக்கூடம் நாடகக்காரர்கள் கைக்கு வரும். சுலபா தேஷ்பாண்டே, அர்விந்த் தேஷ்பாண்டே தம்பதியின் ‘ஆவிஷ்கார்’ குழு 1974 முதல் அங்கே இயங்கியது. நடிகர் மூச்சு வாங்குவது நம் காதில் விழும். நடுநடுவே தெருவின் கூவல் வசனத்துக்குள் புகுந்துவிடும். நான் மராத்தி கற்றது பாதி தெருவில், பாதி அந்தக் கூடத்தில்.

அந்த நெருக்கத்துக்குப் பழகிய கண்ணோடுதான் சத்யதேவ் துபேயின் ‘ஷாந்ததா! கோர்ட் சாலு ஆஹே’ படத்தை ஒரு ஃபிலிம் சொசைட்டியில் பார்த்தேன். அதற்கு மூலமான விஜய் டெண்டுல்கரின் நாடகம் 1967இல் மேடையேறியது. படம் 1971இல் வந்தது. கிராமத்துக்கு நாடகம் போடப் போன குழு, பொழுதுபோக்காக ஒரு விளையாட்டு வழக்கு நடத்துகிறது. குற்றவாளிக் கூண்டில் லீலா பேணாரே என்ற டீச்சர். விளையாட்டு மெல்ல மெல்ல அவளுடைய சொந்த வாழ்க்கையைக் கிழிக்கத் தொடங்குகிறது. எழுந்து ஓடிப்போய்க் கதவைத் திறக்கப் பார்க்கிறாள். வெளியே தாழ்ப்பாள் விழுந்திருக்கிறது.

கையில் காசில்லாத படத்துக்கு ஒரே அறைக் கதை வரம் என்பார்கள். உண்மைதான். மேடையில் பேணாரேயாக வாழ்ந்த சுலபாவே படத்திலும் நடித்தார். வசனம் ரத்தத்தில் ஊறியவர் நடித்தால் ஃபிலிம் சுருள் வீணாகாது. கோவிந்த் நிஹலானிக்கு ஒளிப்பதிவாளராக அதுதான் முதல் படம். அமோல் பாலேகரும் அதில்தான் திரைக்கு வந்தார். ஆனால் அறை கொடுக்கும் சிக்கனத்தைவிட அறை கேட்கும் துணிச்சல் பெரிது. நாடகத்தைப் படமாக்குகிறவர்களுக்கு வயல், ஆறு, பஸ் என்று வெளியே ஓடிவிடத்தான் கை பரபரக்கும். இந்தக் கதையில் கதவைத் திறந்து காற்று வாங்கினால் பேணாரேயின் மூச்சுத்திணறல் போய்விடும். சபில்தாஸ் கூடத்தில் என்றால், அவள் படும் பாட்டைத் தாங்க முடியாதபோது நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்ளலாம். காமிரா அவள் முகத்தருகே வந்து நின்றபின் என் கண்ணுக்குப் போக்கிடமில்லை. அந்த இருட்டில் என் தொண்டை அடைத்துக்கொண்டது.

அடுத்த வாரம் சபில்தாஸுக்குப் போனேன். படியேறும்போது ஒரு வகுப்பறை திறந்து கிடந்தது. கரும்பலகையில் வட்டிக் கணக்கு, பாதி அழிந்தபடி. ஏழு எழுதும்போது குறுக்கே சின்னக் கோடு இழுக்கும் ஒரு கை. அந்த டீச்சர் யாரென்று நினைத்தபடி நின்றுகொண்டிருந்தேன். மேலே, நாடகம் தொடங்குவதற்காக யாரோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.