எல்லாம் ஒன்றுதானே?

உலகத்தில் உள்ள பொல்லாத வார்த்தைகளில் ஒன்று, "எல்லாம் ஒன்றுதானே!" என்பது. காதில் விழும்போது ஏதோ வேதாந்தம் மாதிரி இருக்கும். ஆனால் அதைச் சொல்கிறவர் பெரும்பாலும் ஞானியாக இருக்க மாட்டார். கொஞ்சம் நின்று பார்க்கப் பொறுமை இல்லாதவராகத்தான் இருப்பார். கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்த வார்த்தையைக் கேட்டாலே ஒரு சங்கடம். ஒரு வீட்டில் நான்கு சகோதரர்கள் இருக்கிறார்கள். நால்வரும் ஒன்றுதான் என்று எழுதிவிட்டால் அப்புறம் கதை ஏது?

ஜெர்மனியையும் பெல்ஜியத்தையும் சுற்றிவிட்டு வந்த நண்பர் ஒருவர் இந்த வார்த்தையைப் பீர் விஷயத்தில் பிரயோகித்தார். "ஊருக்கு ஊர் கோதுமை பீர் என்று கொடுத்தார்கள், ஐயா! பெயர்தான் வேறே வேறே. எல்லாம் ஒன்றுதானே!" என்றார். நானும் அந்தப் பக்கம் ஒருமுறை போய், அரைக் கிண்ணம் அரைக் கிண்ணமாகச் சுவைத்தவன் ஆகையால் எனக்குப் பொறுக்கவில்லை.

வாசகர்களில் பலர் பீரை வீட்டு வாசலில்கூட அண்ட விடாதவர்கள் என்பதை அறிவேன். அவர்களைக் குடிக்கச் சொல்லவில்லை. கொலை செய்கிற உத்தேசம் இல்லாமலே துப்பறியும் நாவல் படிக்கிறோம் அல்லவா? அந்த மாதிரி படித்தால் போதும்.

சாதாரணமாகப் பீர் என்பது வாற்கோதுமையை முளைகட்டி உலர்த்தி, அதாவது மால்ட் ஆக்கி, அதன் சாற்றை ஈஸ்ட் கொண்டு புளிக்க வைத்துச் செய்வது. வாற்கோதுமையோடு கோதுமையையும் தாராளமாகச் சேர்த்தால் அது கோதுமை பீர். கோதுமை சேர்ந்தால் நுரை கெட்டியாக நிற்கும். நிறம் வெளுத்து, கொஞ்சம் கலங்கலாகவும் இருக்கும். பழுப்பு நிறப் பீருக்குப் பழகிய அந்தக் காலத்து மக்கள் இதை 'வெள்ளைப் பீர்' என்றார்கள். ஜெர்மன் மொழியில் 'வைஸ்' என்றாலும் டச்சு மொழியில் 'விட்' என்றாலும் வெள்ளை என்றுதான் அர்த்தம். குடும்பப் பெயர் ஒன்று. இனிப் பிள்ளைகளைப் பார்க்கலாம்.

மூத்தவன் பவேரியாக்காரன். 'ஹெஃபெவைஸன்' என்று பெயர். 'ஈஸ்ட் கோதுமை' என்று பொருள். மால்ட்டில் பாதிக்குக் குறையாமல் கோதுமை இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. நெடிய கண்ணாடிக் கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனதும் கிராம்பு வாசனை வரும். பின்னோடு வாழைப்பழ வாசனையும் வரும். ஆனால் அதில் கிராம்பும் கிடையாது, வாழைப்பழமும் கிடையாது! அந்த ஊர் ஈஸ்ட் புளிக்க வைக்கும்போதே அந்த வாசனைகளையும் உண்டாக்கிவிடுகிறது. அமெரிக்காவில் இதே கோதுமையை வேறு ஜாதி ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைக்கிறார்கள். கிராம்பும் வராது, வாழைப்பழமும் வராது. தானியம் ஒன்றாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூஞ்சை மாறினால் ஆளே மாறிப் போகிறான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பீரில் வாற்கோதுமை, ஹாப்ஸ், தண்ணீர் ஆகிய மூன்றைத் தவிர வேறு எதுவும் கூடாது என்று பவேரியாவில் 1516-ல் சட்டம் போட்டார்கள். கோதுமை பீருக்கு அதில் இடமே இல்லை. ஆனால் டெகன்பெர்க் என்ற பிரபு வம்சத்துக்கு மட்டும் அதைக் காய்ச்சத் தனி உரிமை இருந்தது. 1602-ல் அந்த வம்சம் வாரிசு இல்லாமல் முடிந்தது. உரிமை மாக்ஸிமிலியன் கோமகனின் கைக்குப் போயிற்று. அவர் அதை அரண்மனைக்கே ஏகபோகமாக்கிக் கஜானாவை நிரப்பிக்கொண்டார். பிற்காலத்தில் மவுசு குறைந்து அது நலிந்தபோது, 1872-ல் கியோர்க் ஷ்னைடர் என்பவர் காய்ச்சும் உரிமையைப் பெற்று அதற்குப் புத்துயிர் கொடுத்தார்.

இரண்டாமவன் பெல்ஜியத்தில் ஹூகார்டன் என்ற சிற்றூரைச் சேர்ந்தவன். 'விட்பியர்' என்பார்கள். இவனிடம் கோதுமை முளைகட்டாமல் பச்சையாகவே சேருகிறது. அதோடு உலர்ந்த ஆரஞ்சுத் தோலும், நம் வீட்டில் ரசப்பொடிக்கு வறுக்கிறோமே, அதே கொத்தமல்லி விதையும் சேருகின்றன. பவேரியாக்காரன் மசாலா போடாமலே மசாலா மணக்கிறான். இவன் வெளிப்படையாகவே போட்டுக்கொள்கிறான். பவேரியாவின் பழைய சட்டத்தின்படி பார்த்தால் இவன் குற்றவாளி!

மூன்றாமவன் பெர்லின்வாசி. பலம் குறைந்தவன், நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் சாராயச் சத்து. ஆனால் வாய்ப்புளிப்பு அதிகம். பாலைத் தயிராக்குகிற நுண்ணுயிர்களின் இனமே இங்கேயும் வேலை செய்கிறது. அந்தப் புளிப்பைத் தாங்க மாட்டாதவர்களுக்காகச் சிவப்பான ராஸ்பெர்ரிப் பாகோ, ஒரு காட்டுப் பூண்டிலிருந்து எடுத்த பச்சைப் பாகோ கலந்து தருகிறார்கள்.

கடைக்குட்டி 'கோஸெ'. கோஸ்லாரில் பிறந்து லைப்ஸிக்கில் வளர்ந்தவன். புளிப்பு உண்டு, கொத்தமல்லி உண்டு. போதாததற்கு உப்பும் உண்டு! முதல் வாயில் முகத்தைச் சுளித்தேன். மூன்றாவது வாயில், வெயிலில் அலைந்துவிட்டு வந்து உப்புப் போட்ட நீர்மோர் குடித்த ஆறுதல் கிடைத்தது.

ஒன்றுவிட்ட சகோதரன் ஒருவனையும் சொல்லாமல் விடக்கூடாது. பிரஸ்ஸல்ஸ் நகரத்தின் பக்கத்துக் கிராமங்களில் காய்ச்சும் லாம்பிக்கில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பச்சைக் கோதுமை. அதில் ஈஸ்டே சேர்ப்பதில்லை. குளிர்கால இரவில் அகன்ற, ஆழமில்லாத தொட்டியில் சாற்றைத் திறந்து ஆறப் போடுகிறார்கள். காற்றில் வருவது தானாக வந்து சேருகிறது. பிறகு மரப்பீப்பாயில் ஒரு வருஷம், இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று காத்திருக்கிறார்கள்.

ஆக, கோதுமையை மட்டும் பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். எதை விட்டுக்கொடுக்க மாட்டான் என்று பார்த்தால்தான் ஒவ்வொருவனும் யார் என்று தெரிகிறது. பவேரியாக்காரன் தன் ஈஸ்டை விடமாட்டான். ஹூகார்டன்காரன் கொத்தமல்லியை விடமாட்டான். பெர்லின்காரன் புளிப்பை விடமாட்டான். லைப்ஸிக்காரன் உப்பை விடமாட்டான். மனிதர்களும் அப்படித்தானே! கதாபாத்திரத்தின் குலம் கோத்திரத்தைப் பக்கம் பக்கமாக எழுதினாலும் அவன் உயிர் பெறுவதில்லை. எந்த இடத்தில் அவன் பிடிவாதம் பிடிக்கிறான் என்று காட்டிவிட்டால் எழுந்து நடக்கிறான்.

இது வெறும் நாக்கு ருசி விவகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். இதில் சாவும் இருக்கிறது. தெளிந்த பொன்னிற லாகர் பீர் எங்கும் பரவியபோது, ஹூகார்டன் மக்களும் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். 1950களில் அவ்வூரின் கடைசி வெள்ளைப் பீர்ச் சாலை மூடப்பட்டது. யாரும் தடை போடவில்லை, தீ வைக்கவில்லை. நூற்றாண்டுகளாக இருந்த ஒன்று சத்தமில்லாமல் போய்விட்டது.

அந்தச் சாலைக்குப் பக்கத்து வீட்டில் பியேர் ஸெலிஸ் என்ற பால்காரர் இருந்தார். சிறுவயதில் அங்கே ஒத்தாசையாக வேலை செய்தவர். பழைய பீரை நினைத்து ஏங்கியவர்களின் பேச்சு அவர் மனத்தில் தைத்தது. 1960களின் நடுவில் அவரே காய்ச்ச ஆரம்பித்தார். பால்காரர் கையால் செத்தது பிழைத்தது! 1985-ல் அவருடைய சாலை தீப்பிடித்தது. திரும்பக் கட்டுவதற்குப் பெரிய கம்பெனியின் பணம் வந்தது. பின்னால் சாலையே அவர்கள் கைக்குப் போயிற்று. அவர் அமெரிக்காவில் டெக்ஸாஸுக்குப் போய், 1992-ல் மறுபடியும் அதே வெள்ளைப் பீரைக் காய்ச்சினார். 2011-ல் காலமானார். இதற்கிடையே, 2005-ல், ஹூகார்டன் பீரை வேறு ஊரில் காய்ச்சப் போவதாகக் கம்பெனி அறிவித்தது. ஊர் மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். 2007-ல் அந்த யோசனை கைவிடப்பட்டது.

லைப்ஸிக்கிலும் இதே கதைதான். 1966-ல் கோஸெ நின்றுபோயிற்று. இருபது வருஷம் கழித்து லோதர் கோல்ட்ஹான் என்பவர் 'ஓனெ பெடெங்கன்' என்ற பழைய கோஸெக் கடையைத் திறந்தார். 'தயக்கமில்லாமல்' என்பது அந்தப் பெயரின் அர்த்தம். கடை இருக்கிறது, பீர் இல்லை. உள்ளூரில் குடித்துப் பழகிய முதியவர்களை விசாரித்து, அது எப்படி இருந்தது என்று தெரிந்துகொண்டு, காய்ச்ச ஏற்பாடு செய்தார்.

அந்த முதியவர்களைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். 'ஏதோ பீர் குடித்தோம், எல்லாம் ஒன்றுதானே!' என்று அவர்கள் பதில் சொல்லியிருந்தால்? உப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு என்பது அந்த நாக்குகளில் இருந்ததால்தான் கோஸெக்குத் திரும்பி வர வழி இருந்தது. ஒரு நல்ல பொருள் அழிவதற்கு விரோதிகள் வேண்டியதில்லை. வித்தியாசம் தெரியாத நல்லவர்கள் போதும். அது பிழைப்பதற்கோ, வித்தியாசம் தெரிந்த நாலு கிழவர்களும் ஒரு பால்காரரும் போதும்.