படுவான்கரைக்குப் போன சைக்கிள்கள்

மட்டக்களப்பில் சைக்கிள் மிதிப்பவருக்கு மேடு என்று இருப்பவை பாலங்கள் மட்டுந்தான். மற்றதெல்லாம் மணலும் வயலும் தண்ணீருமாகக் கிடக்கும் தட்டை நிலம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும் வாவிக்குக் கிழக்கே, சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. மேற்கே, அது படும் பக்கம் படுவான்கரை. நான் பிறந்தது எழுவான்கரையில், கல்லடியில். அப்பா படிப்பித்ததும் பிறகு நான் படிப்பித்ததும் படுவான்கரைப் பள்ளிக்கூடங்களில். அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்குமாக எங்களைச் சுமந்த சைக்கிள்களை நினைத்துக்கொண்டு, சென்ற ஆடி மாதம் வாவியின் வடபகுதியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன்.

கல்லடிக் கடற்கரை மணலில் நான் ஓடப் பழகியது அப்பாவின் ரலியில். இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் செய்த சைக்கிள். முன்குழாயில் நாரைத்தலை பொறித்த சின்னம் இருக்கும்; ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் பழம்புளி போட்டு மினுக்குவது என் வேலை. சீற்றில் இருந்தால் கால் எட்டாது. பாருக்குக் கீழால் ஒரு காலை விட்டு, உடம்பை ஒருபக்கம் சரித்துத்தான் மிதிக்க வேண்டும். எழுபதுகளின் நடுவில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலம் அது. ரயரும் ரியூப்பும் இலேசில் கிடைக்காது. தேய்ந்த ரயருக்குள் பழைய ரயர்த்துண்டு வைத்து அப்பா ஓடினார்.

1978 நவம்பர் 23 இரவு சூறாவளி அடித்தது. விடிந்தபோது வீதி தெரியவில்லை, தென்னைகள்தான் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. அப்பா ரலியைத் தோளில் தூக்கி மரங்களைக் கடந்தார். வெளித்த இடங்களில் ஏறி மிதித்தார். அப்படியே ஆரையம்பதி வரை போய், அம்மம்மா உயிரோடு இருக்கிறா என்ற செய்தியோடு பொழுதுபடத் திரும்பினார்.

கல்லடியிலிருந்து கல்முனை வீதியில் தெற்கே நாவற்குடா தாண்டினால் காத்தான்குடி. 1977க்குப் பிறகு சந்தை திறந்து இந்தியச் சைக்கிள்கள் வரத் தொடங்கியபோது, எனக்கென்று முதலில் வாங்கித் தந்த ஹீரோவைத் திருத்தக் கொண்டுபோவது இங்கிருந்த ஒரு காக்காவின் (முஸ்லிம் அண்ணனின்) கடைக்குத்தான். ஒருமுறை இரவிரவாகக் காற்று இறங்கிக்கொண்டே இருந்தது. ரியூப்பைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தும் ஓட்டை அகப்படவில்லை. காக்கா வால்வைக் கழற்றினார். அதன்மேல் போர்த்தியிருந்த வால்ரியூப்பின் நுனியில் மயிரிழை அளவு வெடிப்பு. புதியதில் ஒரு துண்டு வெட்டி, எச்சில் தொட்டு ஏற்றி, மூடியை இறுக்கிக் காற்றடித்தார். பிறகு வால்வு வாயில் விரலால் எச்சில் தடவி, குமிழ் வருகிறதா என்று குனிந்து பார்த்தார். வரவில்லை. “ரியூப்பில பழியப் போடாதீங்க தம்பி, முதல்ல வால்வப் பாருங்க” என்றார். இன்றுவரை அந்த ஒழுங்கில்தான் பார்க்கிறேன்.

1990 ஆகஸ்ட் 3 இரவு, இதே ஊரின் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களை விடுதலைப் புலிகள் கொன்றார்கள். அதன்பின் தமிழ் ஊரிலிருந்து முஸ்லிம் ஊருக்கும், அங்கிருந்து இங்கும் போய்வருவது நெடுங்காலம் நின்றுபோனது. காக்காவின் கடை வாசலில் நான் மறுபடி சைக்கிளை நிறுத்த வருடங்கள் எடுத்தன. இப்போது அவருடைய மகன் நடத்துகிறார். இந்தப் பயணத்திலும் அங்கேதான் காற்றடித்தேன்.

ஆரையம்பதி கழிந்து வாவிப்பக்கம் திரும்பினால் மண்முனைத்துறை. இன்று ஜப்பான் உதவியில் கட்டி 2014இல் திறந்த பாலம் நிற்கிறது. முன்பு இங்கே படகுப் பாதைதான். மிதவையில் பலகை பரப்பிய அந்தப் பாதையில் ஆட்களும் சைக்கிள்களும் நெருக்கியடித்துக்கொண்டு வாவியைக் கடப்போம்.

போர்க்காலத்தில் என்னிடம் இருந்தது இலங்கைத் தயாரிப்பான லுமாலா. துறையடியில் இறங்கி வரிசையில் உருட்ட வேண்டும். அடையாள அட்டை, பை, பிறகு சைக்கிள் என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பார்கள். சீற்றைக் கழற்றிக் குழாய்க்குள் பார்த்த நாட்களும் உண்டு. எதிரே விறகுச் சைக்கிள்கள் வரும். சுமை ஆளுயரத்துக்கு இருப்பதால் ஏறி மிதிக்க இயலாது. ஹாண்டிலோடு நீளத் தடியொன்றைக் கட்டி, அதைப் பிடித்துத் தள்ளியபடி நகரம் மட்டும் நடப்பார்கள். கரியலில் தயிர்ச்சட்டி அடுக்கியவர்களும் வருவார்கள். படுவான்கரையின் வருமானத்தில் பெரும்பகுதி அப்போது இரண்டு சில்லில்தான் வாவியைக் கடந்தது.

பாலத்தில் ஏறியதும் கச்சான் காற்று முகத்தில் அறைந்தது. ஆடியில் மேற்கே மிதிப்பவர்கள் இதற்குப் பழகியே ஆகவேண்டும். மகிழடித்தீவில் 1991 ஜூன் 12 படுகொலையில் இறந்தவர்களின் நினைவுத்தூபி இருக்கிறது. அன்று இராணுவத்தினரால் கொல்லப்பட்டவர்கள் ஊர்ச்சனங்கள். அந்த இடத்தில் எப்போதும்போல இறங்கி உருட்டினேன். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டு, தேநீர் குடித்து, வடக்கே திரும்பினேன்.

கூத்துக்குப் பேர்போன கன்னன்குடாவை நெருங்கும்போது, இப்போது நான் ஓடும் சைக்கிளின் கதை நினைவுக்கு வந்தது. 2004 டிசம்பர் 26 காலை கடல் கல்லடிக்குள் புகுந்தது. நாங்கள் தப்பி முகாமில் தங்கினோம். லுமாலாவைச் சில நாள் கழித்து வாவிக்கரைக் கண்டலுக்குள் கண்டேன், ரிம் வளைந்து, செயின் அறுந்து. பக்கத்து நாவலடியிலும் திருச்செந்தூரிலும் சைக்கிளைத் தேட ஆளே மிஞ்சாத வீடுகள் எத்தனையோ. அந்த நாட்களில் படுவான்கரையிலிருந்து சோற்றுப் பார்சல்கள் சைக்கிள்களில்தான் எங்கள் முகாமுக்கு வந்தன. கொண்டுவந்தவர்களில் என்னிடம் படித்த பொடியன் ஒருவனும் இருந்தான். போகும்போது சைக்கிளை என்னிடம் விட்டுவிட்டான். “சேர், நான் டபிள்ல போறன். நீங்க இத வச்சிருங்க.” திருப்பிக் கொடுக்கப் போனபோதும் அவன் வாங்கவில்லை.

பிறகு மோட்டார் சைக்கிள் வந்தது. அவன் தந்தது வளவின் கோடிக்குப் போனது. 2022 ஜூன் கடைசியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தபோது அதை வெளியே எடுத்தேன். புதுச் செயினும் பிரேக் கட்டையும் ரயரும் போதுமாயிருந்தன. எரிபொருள் நிலையங்களில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையில் கிடக்க, பழைய சைக்கிள்கள்தான் ஊரை நடத்தின. கடைகளில் புதுச் சைக்கிளின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது.

வவுணதீவால் வந்து வலையிறவுப் பாலம் கடந்தேன். கச்சான் இப்போது முதுகில் தள்ளியது. புளியந்தீவு வழியாகக் கல்லடிப் பழைய பாலத்தை அடைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. 1924இல் கட்டி, அன்றைய ஆளுநர் மானிங்கின் மனைவி பெயரைச் சூட்டிய பாலம். எதிர்ப்பக்க வாகனம் வந்து முடியும்வரை இந்தப் பக்கம் காத்திருக்க வேண்டிய அளவுக்கு ஒடுக்கம். 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் திறந்து நெரிசலை வாங்கிக்கொண்டது.

சூறாவளி, போர், கடற்கோள், எரிபொருள் தட்டுப்பாடு என்று ஒவ்வொரு முறையும் ஊர்களையும் இரண்டு கரைகளையும் அறுந்துபோகாமல் வைத்திருந்தது சைக்கிள். இன்று கார்ப்பெற் வீதிகள் வந்துவிட்டன, நல்லது. ஆனால் அவற்றில் சைக்கிளுக்கென்று விட்ட இடம் போதாது. பஸ்ஸும் லொறியும் விரட்ட, பள்ளிப் பிள்ளைகள் மணலுக்குள் இறங்குகிறார்கள். வீதிகளுக்குப் பொறுப்பானவர்களிடம் கேட்பது இரண்டே காரியம்: கல்முனை வீதியின் இருபுறமும் சைக்கிளுக்கு ஓரம் ஒதுக்குங்கள், கல்லடிப் பழைய பாலத்தைத் துருப்பிடிக்க விடாமல், நடப்பவருக்கும் சைக்கிள்காரருக்கும் என்றே பராமரியுங்கள். வாசிக்கிற உங்கள் வளவிலும் ஒரு சைக்கிள் சாய்ந்து கிடக்கும். அடுத்த தட்டுப்பாடு வரும்வரை காத்திருக்காமல் இந்தக் கிழமையே திருத்தக் கொடுங்கள்.