குரங்குக்கு வீடு கட்டும் வேலை

திருச்சி கே.கே. நகரில் ப்ளஸ் டூ பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் மே மாதம் ஆனால் ஒரே பேச்சுதான். கட்-ஆஃப் எவ்வளவு, கவுன்சிலிங்கில் எந்தக் காலேஜ் கிடைக்கும்... அந்த நேரம் பார்த்து விலங்கியல் படிக்கும் ஒரு பெண், "லீவில் இன்டர்ன்ஷிப் போறேன், குரங்குக்குக் கூண்டு டிசைன் பண்ணணும்" என்று சொன்னால் என்ன ஆகும்? "நாலு கம்பி நட்டு வலை அடிச்சா முடிஞ்சுது, இதுக்கு ஒரு படிப்பாம்மா?" என்று பக்கத்து வீட்டு மாமா கேட்பார்.

மாமாவைக் குற்றம் சொல்ல முடியாது. உலகமே ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தது. கம்பி, சிமெண்ட் தரை, கழுவிவிட ஒரு குழாய்... இவ்வளவுதான் கூண்டு. 1907-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் கார்ல் ஹாகன்பெக் கம்பியை எடுத்துவிட்டு, சுற்றிலும் அகழி வெட்டி மிருகங்களை வெளியில் காட்டினார். 1925-லேயே ராபர்ட் யெர்க்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், அடைபட்ட குரங்கினங்களுக்கு விளையாடவும் வேலை செய்யவும் சாதனங்கள் வேண்டும் என்று எழுதினார். அதைச் சட்டம் கேட்க அறுபது வருஷம் ஆனது! குரங்குகளின் மனநலத்தையும் கவனிக்க வேண்டும் என்று அமெரிக்கா தன் சட்டத்தைத் திருத்தியது 1985-ல்.

அதே 1985-ல்தான் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. 1855-ல் தொடங்கிய சென்னை மிருகக்காட்சி சாலை நகரத்து நெரிசலை விட்டு 600 ஹெக்டேருக்கு மேல் பரந்த இடத்துக்கு வந்தது. திருச்சிக்காரர்களுக்கு வழி சொல்லவே வேண்டாம். சென்னை பஸ் போய் நிற்கும் கிளாம்பாக்கத்திற்குப் பக்கம்தான்.

வண்டலூரில் பல மிருகங்களுக்குக் கம்பிக்குப் பதில் அகழிதான். கம்பி போனால் குரங்குக்கு சந்தோஷம்தானே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். அகழியால் பார்க்க வருகிறவனுக்குக் காட்சி நன்றாகத் தெரிகிறது. குரங்குக்கு என்ன கிடைக்கிறது என்பது வேறு கேள்வி.

சோலைமந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கவால் குரங்கு என்றும் சொல்வார்கள். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் இனம், காட்டில் இருப்பது சுமார் 4,000 என்று மதிப்பீடு. வண்டலூரிலும் இருக்கிறது. காட்டில் இது மரத்தின் உச்சியிலேயே வாழும். விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி இரை தேடுவதில் போகும். பட்டையை உரித்துப் புழு எடுக்கும், பலாவைக் கிழிக்கும், காய்ந்த இலைக்குள் பூச்சி தேடும். இப்படிப்பட்ட மிருகத்தைப் புல்தரையில் விட்டு, நடுவில் ஒரு பட்டமரத்தை நட்டு, வேளாவேளைக்குத் தட்டில் பழம் வைத்தால்? பத்து நிமிஷத்தில் சாப்பாடு முடிந்துவிடும். மீதி நாள் முழுக்க அது என்ன செய்யும்?

ஒரே தடத்தில் முன்னும் பின்னும் நடக்கும். தன் மயிரைத் தானே பிடுங்கும். தன் கையையே கடிக்கும். இந்திய மிருகக்காட்சி சாலைகளில் இருக்கும் சோலைமந்திகளைப் பற்றி அவந்தி மல்லாபூரும் உடன் ஆய்வாளர்களும் செய்த ஆய்வுகள் 2005-ல் வெளிவந்தன. பார்வையாளர்கள் எதிரில் இருக்கும்போது இந்த மாதிரி இயல்பு மீறிய நடத்தைகள் கூடுகின்றன என்று அவர்கள் கண்டார்கள்.

இந்த வேலைக்குப் போகிறவர் முதலில் சுத்தியலை எடுப்பதில்லை, நோட்டைத்தான் எடுக்கிறார். கூண்டின் படத்தை வரைந்து பகுதி பகுதியாகப் பிரிக்க வேண்டும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எந்தக் குரங்கு எந்தப் பகுதியில் என்ன செய்கிறது என்று குறிக்க வேண்டும். வெயிலில் பல நாள் இதே வேலை. பிறகு ஒரு மாற்றம் செய்து, மறுபடி அதே மாதிரி எண்ண வேண்டும். முன்னும் பின்னும் எண்ணாமல் "நல்லா இருக்கு" என்று சொன்னால் அது வெறும் அபிப்பிராயம்தான்.

மாற்றங்கள் பார்க்கச் சின்னதாகத்தான் இருக்கும். கிளை போல ஆடும் கயிறு. துளை போட்ட மூங்கிலுக்குள் நிலக்கடலை, அதை விரலால் நோண்டித்தான் எடுக்க வேண்டும். சாப்பாட்டை ஒரே இடத்தில் வைத்தால் பலசாலியே தின்றுவிடும், அதனால் பல இடம். அடி வாங்கும் குரங்கு மூலையில் மாட்டாமல் ஓட, இரவு அறைக்கு இரண்டு வாசல். கண்ணில் படாமல் உட்கார ஒரு தட்டி. தொங்கும் கயிற்றில் சுருக்கு விழுந்தால் குட்டியின் கழுத்து மாட்டும், அகழியில் ஆழத் தண்ணீர் இருந்தால் குட்டி மூழ்கும். இதையெல்லாம் யோசித்த பிறகுதான் ஆணி அடிக்க வேண்டும்.

இதெல்லாம் குரங்குக்கு ஆடம்பரமா? விஸ்கான்சினில் ஹாரி ஹார்லோ, செம்முகக் குரங்குக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துத் தனியே வளர்த்துப் பார்த்தார். அவற்றில் பல பெண் குரங்குகள் பின்னாளில் தாயானபோது குட்டியைக் கவனிக்கவில்லை, சில அடித்தன. சோலைமந்தியோ இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரே ஒரு குட்டி போடும் இனம். அடைப்பில் இருக்கும் கூட்டத்தில் ஒரு தலைமுறை குட்டி வளர்க்கத் தெரியாமல் போனால், இனத்தைக் காப்பாற்றத்தான் வைத்திருக்கிறோம் என்ற பேச்சுக்கே அர்த்தம் இல்லை. அதனால் கூண்டின் அமைப்பும் அந்த இனத்தைக் காக்கும் வேலையில் சேர்ந்ததுதான்.

வாசிக்கிற உங்களுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. அடுத்த முறை வண்டலூர் போனால் கத்தாதீர்கள், கல் எறியாதீர்கள், சிப்ஸ் போடாதீர்கள். பத்து நிமிஷம் நின்றும் குரங்கு கண்ணில் படவில்லையா? டிக்கெட் காசு வீண் என்று கோபப்படாதீர்கள். ஒளிந்துகொள்ள அதற்கு ஓர் இடத்தை யாரோ ஒருவர் யோசித்துச் செய்து வைத்திருக்கிறார்.