நத்தம் முதல் வேட்டங்குடி வரை: ஊர் காக்கும் நிலங்கள்

நத்தத்தில் காலை டீ குடித்துவிட்டுப் புறப்பட்டால், ஒரு கோயில் காடு, ஒரு மலை, ஒரு கண்மாய் மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். மார்கழி, தை மாதங்கள் இதற்குத் தோதானவை. கண்மாயில் பறவை இருக்கும், வெயிலும் உறைக்காது.

முதலில் காசம்பட்டி வீரகோயில் காடு. பரப்பு 4.97 ஹெக்டேர், அதாவது 12 ஏக்கருக்குச் சற்று மேல். 2025-ல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. சாமி காட்டில் கோடரி வைக்கக் கூடாது என்ற பழைய கட்டுப்பாடு இல்லாவிட்டால், அறிவிப்பதற்கு இங்கே ஒன்றும் மிஞ்சியிருக்காது. நத்தம் பக்கம் மாந்தோப்புகள் அதிகம். மாம்பூவில் மகரந்தச் சேர்க்கை பெரும்பாலும் ஈக்களாலும் தேனீக்களாலும்தான் நடக்கிறது. மருந்து வாடையே படாத 12 ஏக்கர் காடு அருகில் இருந்தால், அந்தப் பூச்சிகளுக்கு அதுதான் வீடு. தோப்புக்காரர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அங்கிருந்து கொட்டாம்பட்டி வழியாக மேலூர். மேலூருக்கு மேற்கே அரிட்டாபட்டி. குடைவரைச் சிவன் கோயில், சமணர் படுக்கை, தமிழி கல்வெட்டு எல்லாம் உள்ள ஊர் இது. நான் போனது தண்ணீர் பார்க்க. ஏழு குன்றுகள், சுமார் 200 சுனைகள், 72 ஏரிகள் என்கிறது அரசின் குறிப்பு. மொட்டைப் பாறையில் விழும் மழை மண்ணில் இறங்காமல் வழிந்து, சுனையை நிரப்பி, கண்மாய்க்கு வந்து, மடை வழியாக வயலுக்குப் போகிறது. பதிவேட்டில் 'தரிசு', 'பாறை' என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஒன்றுக்கும் உதவாத நிலம் என்று சொல்பவர்களுடன் எனக்கு எப்போதும் சண்டைதான்.

இங்கு 193.215 ஹெக்டேர் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமானது. அப்படியும் 2024 இறுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலம் விடப்பட்ட பரப்புக்குள் இந்த ஊர் வந்தது. மேலூர் வட்டார விவசாயிகளும் பெண்களும் மதுரைக்குத் திரண்டு போனார்கள். 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

வழிகாட்டிய இளைஞர்கள் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் அல்லர். எந்தப் பாறை இடுக்கில் எந்த வல்லூறு இருக்கிறது என்று நோட்டில் எழுதி வைக்கிறார்கள். எதற்கு என்று கேட்டேன். "நாளைக்கு எவனாச்சும் வந்து இங்க ஒண்ணுமில்லன்னு சொன்னா எடுத்துக் காட்டணும்ல சார்?"

அறிவிப்பு வந்தால் ஆடு, மாடு மேய்க்க முடியாதோ என்று பல ஊர்களில் பயப்படுகிறார்கள். தேசியப் பல்லுயிர் ஆணைய வழிகாட்டுதலின்படி, ஊரார் தாங்களாக முடிவு செய்யும் கட்டுப்பாட்டைத் தவிர, வழக்கமான புழக்கத்துக்குத் தடை வராது. 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் எழுத வேண்டும். உங்கள் ஊரில் அது இருக்கிறதா என்று அடுத்த கிராம சபையில் கேளுங்கள். கூடவே 'அ' பதிவேட்டில் மேய்ச்சல் புறம்போக்கு எத்தனை ஏக்கர், தரையில் எத்தனை ஏக்கர் என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் நாற்காலிகள் நெளியும்.

மேலூரிலிருந்து திருப்பத்தூர் சாலையில் வந்தால் வேட்டங்குடி. மூன்று கண்மாய்கள், 38.4 ஹெக்டேர், 1977 முதல் பறவைகள் சரணாலயம். நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், வக்கா எல்லாம் கருவேல மரங்களில் கூடு கட்டியிருந்தன. எச்சம் விழுந்த கண்மாய்த் தண்ணீர் பாயும் வயலில் தழைச்சத்தும் மணிச்சத்தும் கூடும். இங்கே மண் பரிசோதனை செய்யாமல் யூரியா மூட்டையைப் பிரிப்பது வீண் செலவு.

இந்த ஊர்களில் தீபாவளிக்கும் வெடி கிடையாது. கரையில் ஆடு மேய்த்த ஒரு ஆத்தாவிடம், பிள்ளைகள் அழாதா என்று கேட்டேன். "பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டுல வெடி போடுவமா தம்பி?" என்றார்.

மாலை ஐந்து மணிக்கு மேல் இரை தேடப்போன பறவைகள் திரும்பும். வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். ஹாரன் மட்டும் அடிக்க வேண்டாம்.