எம்பிளத்துக்குக் கீழே உள்ள நிறம்

சோளகம் வீசும் மாதங்களில் காலை ஒன்பது மணிக்கு மேல் நான் காரின் எம்பிளம் கழற்றுவதில்லை. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை மன்னார்த் தீவில் காற்று மணலோடுதான் வரும். 2020 டிசெம்பரில் திறந்த தம்பபவனியின் 30 காற்றாலைகள் தென்கரையில் நிற்பதும் இந்தக் காற்றை நம்பித்தான். ஈரப் பசையில் ஒரு மணல் துணிக்கை ஒட்டிவிட்டால் போதும், நான் துடைக்கும் சீலையே அரத்தாளாகிவிடும். அதனால் விடியற்காலையில், கிடுகு வேலியின் மறைவில், நிலத்துக்குத் தண்ணீர் தெளித்த பிறகே காரில் கை வைப்பேன்.

பேசாலையிலிருந்து ஒரு ஐயா தன் பழைய கொரொல்லாவைக் கொண்டுவந்தார். கருஞ்சிவப்பு நிறம். டிக்கியில் இருந்த எழுத்துகளின் குரோம் உப்புக் காற்றில் பொருமி உரிந்திருந்தது.

"கத்தியை வைச்சு ஒரு நெம்பு நெம்பினா வந்திடும்தானே தம்பி?"

"வரும் ஐயா. பெயின்றையும் கொண்டுதான் வரும்."

கொம்பனிப் பூச்சில் எல்லாப் படையும் சேர்ந்தாலே நூறு மைக்ரோன் சொச்சம்தான். மேலே வெயிலையும் உப்பையும் தாங்கும் கிளியர் கோட் அதில் பாதிக்கும் குறைவு. ஒரு தலைமயிரை விட மெல்லியது. 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருந்த கார்களை வைத்தே ஊர் ஓடியது. அதனால் கொம்பனிப் பூச்சு குலையாத பழைய காரைக் கண்டால் எனக்கு அதன் மேல் ஒரு மரியாதை வரும்.

முதலில் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். டிக்கியைத் திறந்து உட்புறம் தடவி, எழுத்துகளின் பின்னால் ஊசி இருக்கிறதா என்று பார்த்தேன். சில எம்பிளங்கள் துளைக்குள் ஊசி செருகி நிற்கும். அதை அறியாமல் இழுத்தால் தகடு நெளியும். பிறகு, புது எழுத்து எங்கே வரவேண்டும் என்று மாஸ்கிங் டேப்பால் அடையாளம் வைத்தேன்.

கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் சீலையை நனைத்து எழுத்துகளின் மேல் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடிக்கவேண்டும். ஆறினால் திரும்பவும் நனைக்கவேண்டும். குளிர்ந்த பசை கல் மாதிரி. இளஞ்சூட்டில் அது தானாக விட்டுக்கொடுக்கும். அவசரப்படுகிறவனிடம்தான் அது முரண்டுபிடிக்கும்.

அடுத்தது தங்கூசி, ஒற்றை இழை நைலோன் நூல். தங்கூசி வலைக்கு இலங்கையில் 2006 முதல் தடை, ஆனால் தூண்டில் தங்கூசி கடையில் கிடைக்கும். ஒரு முழத்தை இரண்டு கையிலும் சுற்றி, எழுத்துக்குப் பின்னால் செலுத்தி, வலமும் இடமுமாக மெதுவாக அறுப்பேன். நூல் எழுத்தின் முதுகில் உரசவேண்டும், பூச்சில் அழுந்தவே கூடாது. பின்னல் நூலை நான் தொடுவதில்லை. அதன் புரிக்குள் மண் ஒளிந்திருக்கும்.

எழுத்துப் போனபின் மிஞ்சும் பசையைப் பெருவிரலால் உருட்டி உருட்டி எடுக்கவேண்டும். விரல் நோகும். ஆனாலும் பிளேட்டை விட எனக்கு விரலில்தான் நம்பிக்கை. கடைசிப் படலத்துக்கு மண்ணெண்ணெய் நனைத்த சீலை. கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடைத்து, உடனே சவர்க்காரத்தால் கழுவிவிட வேண்டும்.

ரின்னரை எடுக்கமாட்டேன். தொழில் பழகிய காலத்தில் ஒரு வெள்ளை வானின் பின்கதவை ரின்னரால் துடைத்தேன். சீலை வெள்ளையாக வந்தது. கதவு முன்பே மறுபூச்சுக் கண்டது. ரப்பர் ஓரத்தில் பூச்சு படிந்திருந்ததை நான் பார்க்கவில்லை. கொம்பனியில் பூச்சை 140 பாகை அளவில் சுடுவார்கள். கராஜில் 60 பாகை கிடைத்தாலே பெரிது, பல இடங்களில் வெறும் காற்றில்தான் காயும். அப்படிக் காற்றில் காய்ந்த பூச்சு ரின்னருக்கு இளகிவிடும். அந்தக் கதவு முழுவதையும் திரும்ப அடிக்கவேண்டி வந்தது. நிறம் கடைசிவரை பொருந்தவில்லை.

ஐயாவின் டிக்கியில் பசை போனதும் எழுத்துகள் இருந்த இடம் ஆழ்ந்த சிவப்பாகத் தெரிந்தது. சுற்றிலும் வெயில் தின்றிருந்தது. கட் அண்ட் பொலிஷ் போட்டால் வித்தியாசம் குறையும், முழுக்கப் போகாது என்று சொன்னேன். ஐயா விரலால் அந்த நிறத்தைத் தடவிப் பார்த்தார். "வாங்கேக்க இப்பிடித்தான் இருந்தது."

அந்தச் சிவப்பின் மேலேயே, ஸ்பிரிட்டால் துடைத்து, புது எழுத்துகளை அரை நிமிடம் அழுத்தி ஒட்டினேன். பசை இறுக ஒரு நாள் வேண்டும். வெளியே காற்று எழும்பிவிட்டது. காரை இரவுக்குக் கொட்டிலிலேயே விட்டுவிட்டு ஐயா பஸ்ஸில் பேசாலைக்குப் போனார்.